நவம் பார்க்காத கடைசிக் காட்சி

இந்த நாட்டில் படங்களுக்குத் தாயக்கட்டை போடுகிறார்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நோர்வேயின் வடக்கு முனையில், கடலும் பாறையும் தவிர வேறொன்றும் அதிகம் இல்லாத ஒரு சின்னத் துறைமுக ஊரில் மீன் தொழிற்சாலை வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், சாப்பாட்டு அறை மேசையில் கிடந்த பத்திரிகையைப் புரட்டினேன். மொழி தெரியாததால் படங்களைத்தான் பார்த்தேன். சினிமாப் பக்கத்தில் ஒவ்வொரு படத்தின் பெயருக்கு அருகிலும் ஒரு தாயக்கட்டை அச்சடித்திருந்தது. ஒன்றில் இரண்டு புள்ளி, இன்னொன்றில் ஐந்து. எந்தப் படத்துக்குப் போவது என்று இவர்கள் கட்டை உருட்டித்தான் தீர்மானிப்பார்களாக்கும், ஆறு மாதம் பனிக்குள் கிடக்கிறவனுக்குப் பொழுது போக வேண்டாமா என்று நினைத்துக்கொண்டேன். பிறகுதான் தெரிந்தது, அது மதிப்பெண். ஆறு புள்ளி என்றால் உச்சம், ஒன்று என்றால் குப்பை. 'தேர்னிங்காஸ்ட்', கட்டை உருட்டல், என்று அதற்குப் பெயர். ஒருவரும் எதையும் உருட்டுவதில்லை, யோசித்துத்தான் போடுகிறார்கள்.

இந்தத் துறைமுக ஊரில் தியேட்டர் இல்லை. இரண்டு கிழமைக்கு ஒரு தடவை ஒரு மனிதன் வான் வண்டியில் படப்பெட்டியும் கருவியுமாக வந்து, ஊர் மண்டபத்தில் படம் காட்டிவிட்டுப் போவான். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் சண்டை தொடங்கும். எனக்குப் பக்கத்தில் நின்று மீன் முள் எடுக்கிற பியோர்க் என்ற அறுபது வயதுப் பெண்மணி, "அதற்கு நான் இரண்டு போடுகிறேன், அதுவும் பாவம் பார்த்து" என்பார். பெட்டி தூக்கும் வண்டி ஓட்டுகிற ஓட்வார், "ஐந்து. உனக்குப் படம் பார்க்கத் தெரியாது" என்பார். முகம் சிவக்க ஆளுக்கு ஆள் கத்துவார்கள். மணி அடித்ததும் ஓட்வார் பியோர்க்கின் கோப்பையில் மிச்சக் கோப்பியை ஊற்றுவார், இருவரும் எழுந்து வேலைக்குப் போவார்கள். அவ்வளவுதான். ஒருவரும் சாவதில்லை.

"நீ எத்தனை போடுகிறாய்?" என்று என்னையும் கேட்பார்கள். நான் எப்போதும் நாலு போடுவேன். சிரிப்புப் படத்துக்கும் நாலு, அழுகைப் படத்துக்கும் நாலு. நாலு போட்டால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. கொஞ்ச நாளில் எனக்கு நாலுக்காரன் என்று பெயரே வைத்துவிட்டார்கள். ஒரு நாள் ஓட்வார் என் தோளில் தட்டி, "உங்கள் ஆட்கள் மிகவும் மரியாதையானவர்கள். யாருடைய மனமும் நோகப் பேச மாட்டீர்கள்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. மட்டக்களப்பில் படம் விட்டு வெளியே வருகிற சனத்தின் வாயை இந்த மனிதன் ஒரு நாள் கேட்டிருக்க வேண்டும். 'யா, யா' என்று தலையாட்டிவிட்டு மீன் வெட்டப் போய்விட்டேன். வேறு என்னத்தைச் சொல்ல? நான் ஒரு படத்தைப் பற்றி வாயைத் திறந்து உள்ளதைச் சொன்னது ஒரே ஒரு முறை, அதில் ஒரு மனிதன் போய்விட்டான் என்றா சொல்வது?

மட்டக்களப்பு டவுணிலிருந்து பாலம் தாண்டினால் வரும் கல்லடியில் எனக்கு ஒரு கூட்டாளி இருந்தான். நவரெத்தினம், எங்களுக்கு நவம். இரவில் வாவியில் வலை வீசுவான், விடிய மீனை விற்றுவிட்டுப் படுப்பான், பின்னேரம் படம். நான் கூட்டுறவுச் சங்கக் கடையில் கணக்குப்பிள்ளை. யுத்தம் மூண்டிருந்த அந்த நாட்களில் டவுணில் படம் ஓடுவதே பெரிய அதிசயம். ஒரு கிழமை ஊரடங்கு, ஒரு கிழமை கரண்ட் இல்லை, ஒரு கிழமை பாலத்தில் ஆட்களை விடமாட்டார்கள். எல்லாம் சரிவந்த நாளில், அது எவ்வளவு பழைய படமானாலும், நவம் சைக்கிளை மிதிக்க நான் முன் பாரில் குந்திக்கொண்டு பாலத்தைக் கடப்போம். வரும்போது வாதம். சண்டைக் காட்சி சரியா, பாட்டுத் தேவையா, கதாநாயகிக்கு நடிப்பு வருமா என்று தொடங்கி, வீட்டு வாசலில் இறங்கும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டோம். மறுநாள் திரும்பவும் நான்தான் அவனைத் தேடிப் போவேன்.

நவத்திடம் ஒரு பழக்கம் இருந்தது. கதாநாயகன் சாகப்போகிறான் என்று மணம் பிடித்தால் எழுந்து வெளியே போய்விடுவான். வாசலில் நின்று பீடி குடிப்பான். படம் முடிந்து நான் வந்த பிறகும் முடிவைக் கேட்க மாட்டான். வீட்டுக்குப் போய்த் தன் தங்கை பூமணிக்கு அந்தப் படத்தை முதலிலிருந்து சொல்லுவான். தாயும் தகப்பனும் இல்லாத பிள்ளைகள். பாலத்துச் சோதனைக்குப் பயந்து அவள் டவுணுக்கே போவதில்லை. அக்கம்பக்கத்துப் பெண்களும் வந்து குந்திவிடுவார்கள். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே, சண்டைக்குச் சண்டை, பாட்டுக்குப் பாட்டு என்று இரண்டு மணித்தியாலம் சொல்லுவான். அவன் சொல்லுகிற படத்தில் கதாநாயகன் ஒருநாளும் சாக மாட்டான்.

எனக்கு அது பொறுக்காது. நான் சஞ்சிகைகளில் விமர்சனம் படித்துக் கெட்டவன். "பொய் சொல்ல வெக்கமா இல்லையாடா?" என்று அத்தனை பேருக்கும் முன்னால் கேட்பேன்.

"நானா பொய் சொல்றன்? படம் எடுத்தவன்தான் பொய் சொல்லிப்போட்டான்" என்பான். பிறகு குரலைத் தாழ்த்தி, "வெளியில இவ்வளவு பேர் சாகிறது காணாதா மச்சான்? டிக்கட்டும் எடுத்துப் போய்ப் பார்க்கணுமா?" என்பான்.

 ஆனாலும் நான் விடமாட்டேன். முடிவு என்றால் முடிவுதான், உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும் என்று நிற்பேன். அந்த வயதில் எனக்கு உண்மை என்பது அவ்வளவு சுலபமான பொருளாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை பகல் காட்சிக்குப் போனோம். ஒரு லொறிக்காரனின் கதை. கல்லுடைக்கிற மலை முதலாளியோடு பகைத்துக்கொள்கிறான். கடைசியில் முதலாளியின் ஆட்கள் மலையடியில் அவனைச் சுற்றி வளைக்கிறார்கள். அந்த இடத்தில் நவம் எழுந்தான். "சரி, இவன் முடிஞ்சான். நான் வெளியில நிக்கிறன், முடிய வா" என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் போய்ப் பத்து நிமிடமிருக்கும், எங்கோ ஒரு பெரிய சத்தம். தியேட்டர்க் கூரைத் தகரம் அதிர்ந்தது. படத்தை நிறுத்தவில்லை, நாங்களும் எழும்பவில்லை. தூரத்துச் சத்தத்துக்கெல்லாம் எழும்பினால் அந்தக் காலத்தில் ஒரு படமும் பார்த்து முடிக்க முடியாது. லொறிக்காரன் கத்திக்குத்துப்பட்டு மனைவியின் மடியில் செத்தான். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தபோது, நவம் வாசலில் சைக்கிளோடு நின்றான். "கிட்டத்திலதான் வெடிச்சிருக்கு, சுறுக்கா ஏறு" என்றான்.

பயத்தை மறக்க வழி முழுக்க வாதம் செய்தோம். "அவன் சாகிறதாலதான்டா அது படம். முடிவச் சொல்றன் கேள்" என்றேன்.

"சொல்லாத. என்னட்ட ஒரு முடிவு கிடக்கு."

அதைச் சொல்லி முடிப்பதற்குள் பாலத்தடிச் சென்றிக் காவலரணில் கையைக் காட்டி மறித்தார்கள். அன்று அந்தப் பக்கம் வந்த இளந்தாரிகள் எல்லாரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு ஒரு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். எந்த முகாம், யார் எவர் என்று நான் எழுதப்போவதில்லை. பூமணி இப்போதும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறாள். சண்டையும் இன்னும் முடியவில்லை.

எங்களைத் தனித்தனி அறையில் வைத்தார்கள். எனக்கு அடி விழவில்லை, தேத்தண்ணி தந்தார்கள். அதிகாரி சிங்களத்தில் கேட்பதைச் சிவில் உடுப்பில் இருந்த ஒருவர் தமிழில் கேட்டார். படம் பார்த்துவிட்டு வருகிறோம் என்று டிக்கட் துண்டை நீட்டினேன். "இத ரோட்டிலயும் பொறுக்கலாம். கதையச் சொல்லு" என்றார் அவர். அந்தப் படத்தை அவரும் போன கிழமை பார்த்திருந்தாராம். சொன்னேன். தொடக்கம் முதல் மனைவியின் மடிவரை, ஒன்றும் தவறவிடாமல். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். என்னை இருத்திவிட்டு அடுத்த அறைக்குப் போனார்கள். வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தார்கள்.

"உன்ட கூட்டாளி சொல்றான், லொறிக்காரன் சாகல்லையாம். பெண்சாதியோட வேற ஊருக்குப் போயிர்றானாம். நீ என்ன சொல்றாய்?"

அந்த நேரத்தில் நான் என்ன சொல்லியிருக்கலாம் என்று இத்தனை வருடமாக யோசிக்கிறேன். எனக்குத்தான் மறந்துபோயிற்று, அவன் சொல்வது சரி என்றிருக்கலாம். தலை சுற்றுகிறது என்றிருக்கலாம். நான் சொன்னது, "இல்ல சேர். அவன் சாகிறான். நான் கண்ணால பாத்தன்." அதில் பாதி பயம். மீதியையும் சொல்லிவிடுகிறேன், இத்தனை நாளும் மறைத்தது போதும்: பழைய வாதத்தில் கடைசியில் நான் வென்றுவிட்டேன் என்ற ருசியும் அதில் கொஞ்சம் இருந்தது.

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு விளங்கியது. முடிவு தெரிந்தவன் தியேட்டருக்குள் இருந்தவன். முடிவு தெரியாதவன், குண்டு வெடித்த நேரத்தில் வெளியே இருந்தவன். பதறிப்போய், "சேர், அவன் ஆள் சாகிறதப் பார்க்க மாட்டான். எப்பவும் எழும்பி வெளியில போயிருவான்" என்றேன். அவர் அதைச் சிங்களத்தில் சொல்ல அதிகாரி சிரித்தார். அப்படியும் ஒருவன் இருப்பானா என்ற சிரிப்பு. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே வாயைத் திறந்த நுணல் தப்பிவிட்டது.

மறுநாள் காலை என்னை விட்டார்கள். நவத்தின் சைக்கிளையும் எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்கள். ஏறி மிதிக்க மனம் வரவில்லை, உருட்டிக்கொண்டே நடந்தேன். சைக்கிளைக் கண்டதும் பூமணி வாசல் படலைக்கு ஓடி வந்தாள்.

"அண்ணன் எங்க?"

"வருவான். விசாரிச்சிட்டு விட்டிருவாங்க."

அவ்வளவுதான் சொன்னேன். அவள் முகாம் முகாமாக அலைந்தாள். ஓரிடத்தில் இல்லை என்றார்கள், இன்னோரிடத்தில் அப்படி ஒருவரைப் பிடிக்கவேயில்லை என்றார்கள். நான் இரண்டு முறை கூடப் போனேன். மூன்றாம் முறைக்குள் கொழும்புக்கு ஏறிவிட்டேன். பிறகு இந்த ஊர், இந்த மீன், இந்த நாலு. எங்களைப்போல் வந்து விழுந்தவர்களில் பலர், தாங்கள் அங்கே விட்டுவந்தது வீடும் வளவும் என்று சொல்கிறார்கள். பாக்கியவான்கள்.

போன மாதம் பூமணியின் கடிதம் வந்தது. இப்போது செங்கலடியில் கலியாணம் முடித்து இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறாள். காணாமல் போனவர்களைப் பற்றி விசாரிக்க ஆட்கள் வருகிறார்கள், கடைசியாக அண்ணனோடு நின்றது நீங்கள்தான், நடந்ததை எழுதி அனுப்புங்கள் என்று எழுதியிருந்தாள். நான் மூன்று வரியில் ஒரு கடிதம் போட்டேன். இருவரையும் பிடித்தார்கள், என்னை விட்டார்கள், அவனை விடவில்லை. மூன்றும் உண்மை. மூன்றையும் சேர்த்தால் பச்சைப் பொய்.

நேற்று முன்தினம் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. இங்கே பகல் பதினொரு மணிக்கும் இருட்டு. அவள் செங்கலடியில் ஒரு தொலைபேசிக் கடையிலிருந்து பேசினாள். பின்னால் பஸ் சத்தம், சந்தைச் சத்தம்.

"குணமண்ணன், உங்கட கடிதம் காணாதாம், இன்னும் வேணுமாம். ஏன் உங்கள விட்டாங்க, ஏன் அண்ணன விடல்ல எண்டு கேக்கிறாங்க. எனக்குச் சொல்லத் தெரியல்ல."

சொன்னேன். நின்ற நிலையில் எல்லாவற்றையும் சொன்னேன். மலையடியில் அவன் எழும்பிப் போனது, வெடிச் சத்தம், இரண்டு அறை, இரண்டு முடிவு. "நான் சொன்னதாலதான் பூமணி" என்றேன். ஏசுவாள் என்று காத்திருந்தேன். ஏசினால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.  அழுகிறாளோ என்று காதை அழுத்தி வைத்துக் கேட்டேன், பஸ் சத்தம்தான் கேட்டது.

"அந்தப் படத்த மட்டும் அண்ணன் எனக்குச் சொல்லல்ல" என்றாள் கடைசியில். "அதில அவன் உண்மையாச் சாகிறானா?"

உள்ளதை உள்ளபடி சொல்கிற வாய் இது.

"இல்ல" என்றேன். "உங்கட அண்ணன் சொன்னதுதான் சரி. பெண்சாதியக் கூட்டிக்கிட்டு வேற ஊருக்குப் போயிர்றான்."

"எந்த ஊருக்கு?"

"எந்த ஊர் எண்டு காட்டல்ல."

அவள் ம் என்றாள். "விசாரிக்கிற ஆக்களுக்கு நடந்தபடியே எழுதி அனுப்புங்க. இஞ்ச ஆக்கள் நிக்கிறாங்க, வைக்கிறன்" என்றாள்.

தொலைபேசியை வைத்த பிறகுதான் கீழே பார்த்தேன். ஒரு காலில் பனிச் சப்பாத்து முழங்கால்வரை ஏறியிருந்தது. மற்றக் கால் வெறுங்காலாகக் குளிர்ந்த தரையில் நின்றது. அதைப் போடவும் தோன்றவில்லை, இதைக் கழற்றவும் தோன்றவில்லை. அப்படியே நின்றேன்.