கண்டியில் எடுத்த பல் படம்

எனக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருஷம் வலப்பக்கக் கீழ்த்தாடையில் வலி தொடங்கியது. என் கணவருக்கு மாத்தளைக் கடைவீதியில் புடவைக்கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. அந்த வீட்டை ஆண்டவர் அவருடைய மூத்த சகோதரி. விதவை. தாய் செத்த பிறகு தம்பியைத் தூக்கி வளர்த்தவர். அவரை நானும் ராத்தா என்றுதான் கூப்பிட்டேன்.

முதலில் கராம்பு எண்ணெய் வைத்தார்கள். பிறகு டவுனில் பல் பிடுங்குகிற ஒருவரிடம் போனோம். அவர் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார். வலி போகவில்லை. சில மாதம் கழித்து அடுத்த பல்லையும் பிடுங்கினார். தட்டில் கிடந்த அந்தப் பல்லை நான் பார்த்தேன். சொத்தை இல்லை, ஓட்டை இல்லை. அதற்குப் பிறகும் தாடை வீங்கிக்கொண்டேதான் போனது. மூன்றாம் தடவை போனபோது அவர் குறட்டைக் கையில் எடுக்கவே மறுத்துவிட்டார்.

"உள்ளுக்க என்ன ஈக்குன்னு தெரியாம நான் இனிக் கை வைக்க மாட்டேன். கண்டிக்குப் போய் எக்ஸ்ரே எடுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் ராத்தா சோற்றுக் கோப்பையை அப்படியே கீழே வைத்தார்.

"எக்ஸ்ரேயா? இன்னும் ஒரு புள்ள உண்டாகல்ல. அந்த வெளிச்சம் ஒடம்புல பட்டா கருப்பை கருகிப் போகும். பல்லு இல்லாட்டியும் புள்ள பெறலாம். கருப்பை இல்லாம பெறலாமா?"

என் கணவர் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. வருஷத்தின் மிச்சம் முழுக்க நான் கஞ்சியும் தேநீரில் ஊறவைத்த பாணும்தான் சாப்பிட்டேன். வாயில் எந்நேரமும் சீழின் கசப்பு. வாயைத் திறந்து கொட்டாவி விடக்கூட முடியாது. ராத்தா கெட்ட மனதோடு சொன்னார் என்று நான் சொல்லமாட்டேன். அவர் அதை முழுமனதாக நம்பினார். எனக்கு அதுதான் இன்னும் மோசமாகப் போயிற்று.

உக்குவளையிலிருந்து வாப்பா என்னைப் பார்க்க வந்தார். வாசலில் நின்றபடியே என் முகத்தைப் பார்த்தார். உட்காரவில்லை. நேரே கடைக்குள் போனார்.

"மகள்ட மொகத்தப் பாத்தீங்களா மருமகன்? நீங்க கூட்டிட்டுப் போறீங்களா, நான் கூட்டிட்டுப் போகவா?"

கடைக்கு வந்திருந்த ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். வெட்கத்துக்காகத்தான் என் கணவர் சம்மதித்தார். கட்டுகஸ்தோட்டையில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போவதாக ராத்தாவிடம் பொய் சொல்லிவிட்டு என்னைக் கண்டி ரயிலில் ஏற்றினார்.

கண்டியில் எங்களைப் பார்த்த பல் டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். என்னைக் கதிரையில் உட்கார வைத்து, வயிற்றில் பிள்ளை இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். ஈயம் வைத்துத் தைத்த கனமான அங்கி ஒன்றை என் மடிமேல் போட்டார். சின்னத் தகடு ஒன்றை வாய்க்குள் வைத்து, என் விரலாலேயே அதைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். மெஷின் ஒரு தரம் இரைந்தது. சூடு இல்லை, நோவு இல்லை. இதற்காகவா ஒரு வருஷம் என்று எனக்கு அழுகை வந்தது.

கழுவிய படத்தை ஈரத்தோடு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். எலும்புக்குள்ளே ஒரு பல் வெளியே வராமல் குறுக்கே படுத்துக் கிடந்தது. அதைச் சுற்றிக் கறுப்பாக ஒரு பள்ளம்.

"இந்தக் கறுப்பெல்லாம் எலும்பு கரைஞ்ச இடம். நீர்க்கட்டி. இன்னும் கொஞ்சநாள் விட்டிருந்தால் எதையாவது கடிக்கேக்கையே தாடை முறிஞ்சிருக்கும். பிடுங்கின ரெண்டு பல்லும் நல்ல பல்லு. முதலே ஒரு படம் எடுத்திருந்தால் அதுகள் தப்பியிருக்கும்."

என் கணவர் தொண்டையைச் செருமினார். "டொக்டர், இதால புள்ள பெறுறதுக்கு ஏதும் கெடுதி...?"

"ஒண்டும் இல்லை. கதிர் போறது தாடைக்குத்தான், அதுவும் கொஞ்சம். வயித்துக்கு அங்கியும் போட்டிருக்கு. இதால பிள்ளை பிறக்காமல் போகாது. வீட்டில பயப்பிடினமெண்டால் கூட்டிக்கொண்டு வாங்கோ, நான் சொல்லுறன்."

"அவவக் கூட்டி வரத் தேவல்ல டொக்டர்" என்றார் என் கணவர்.

பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை நடந்தது. வீக்கம் வற்றியது. மறுபடி சோறு சாப்பிட்டேன். அறுவையை யாரிடமும் மறைக்க முடியாதே. கட்டுப் போட்ட முகத்தோடு நான் வீட்டுக்குள் நுழைந்தபோது ராத்தா, "நோகுதா?" என்று கேட்கவில்லை. "எத்தன படம் எடுத்தாங்க?" என்று கேட்டார்.

பிள்ளை தங்கவில்லை. வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் எக்ஸ்ரேதான் காரணம் என்று ராத்தா சொன்னார். பிள்ளைக்குப் பெயர் வைக்கிற வீடுகளில், "நீ கொஞ்சம் அந்தப் பக்கம் இரி புள்ள" என்று என்னைத் தொட்டிலருகிலிருந்து நகர்த்தினார்கள்.

ஒருநாள் கணவரிடம் கேட்டேன். "டொக்டர் சென்னத ஒங்கட காதாலதானே கேட்டீங்க. ராத்தாக்கிட்ட ஒருக்கா செல்லுங்களேன்."

"சென்னா மட்டும் அவ கேப்பாவா?"

"கேக்காட்டிப் பரவால்ல. நீங்க செல்லுங்க."

அவர் சொல்லவில்லை. அடுத்த வருஷம் இரண்டாம் கல்யாணம் முடித்தார். நான் வாப்பா வீட்டுக்குப் போய்ப் பிரிவை வாங்கிக்கொண்டேன்.

அவர் முடித்த அந்தப் பெண்ணுக்கும் பிள்ளை இல்லை. அதற்கும் ராத்தா காரணம் கண்டுபிடித்ததாக டவுனிலிருந்து வந்த ஒரு மாமி சொன்னார். "ஒன்னோட வாழ்ந்ததால அந்த வெளிச்சம் அவருக்கும் ஏறிட்டாம்." நான் சிரித்தேன். நிறுத்த முடியாமல் சிரித்தேன். உம்மா பயந்துபோய் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு அலுவிகாரைப் பக்கம் மனைவியை இழந்த ஒரு தபுதாரர் என்னைக் கல்யாணம் முடித்தார். அங்கே போன புதிதில் இடப்பக்கப் பல் நொந்தது. படம் எடுக்காமல் பல்லைத் தொட விடமாட்டேன் என்று நானே சொல்லி எடுத்தேன். ஒரு பல்லும் போகவில்லை. அதற்கடுத்த வருஷம் மகள் பிறந்தாள். செய்தி கேட்டு ராத்தா, "அல்லாஹ் அவள மன்னிச்சிட்டான்" என்றாராம். என்ன பாவத்துக்கு என்று அவரிடம் கேட்க யாரும் இல்லை.

மகளோடு மாத்தளை பஸ் நிலையத்தில் நின்றபோது பழைய கணவர் எதிரே வந்தார். நரைத்திருந்தார். மகளை வெகுநேரம் பார்த்தார். பிறகு என்ன பேசுவதென்று தெரியாமல், "பல்லு இப்ப எப்படி?" என்றார்.

"நல்லா ஈக்கு."

"அந்த டொக்டர் நல்ல மனுசன். அண்டைக்கே தெளிவாச் சென்னாரு."

"அப்ப ஒங்களுக்கு ஞாபகம் ஈக்கு" என்றேன்.

அவர் பஸ் வருகிற திசையைப் பார்த்தார். நான் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் போய் நின்றேன்.