மாவு மில்லும் பதினைந்து நிமிடப் பாட்டும்

ரேடியோவில் இரைச்சல் இரண்டு வகை. ஒன்று செட்டுக்குள்ளேயே பிறப்பது. கரண்ட்டைச் சமன்படுத்தும் பெரிய கண்டன்சர் காய்ந்துபோனால் ‘ங்ங்’ என்று விடாமல் முனகும். இன்னொன்று வெளியே ஓடுகிற மோட்டாரிலிருந்து மின்கம்பி வழியாகவே வீட்டுக்குள் வருவது. கொரகொரவென்று பாட்டையே தின்றுவிடும். அறுபதுகளில் தேரடித் தெருவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த எனக்கு இரண்டுக்கும் வைத்தியம் தெரியும். தெரிந்து என்ன புண்ணியம்?

அந்த வருஷம் தீபத் திருவிழாவுக்குப் பத்து நாளும் மைக் செட் வேலை. கால் வீங்கி, கண் எரிந்து, யார் கூப்பிட்டாலும் எரிந்து விழுகிற நிலையில் இருந்தேன். அப்போதுதான் ஓர் அம்மாள் வந்தார். கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். புருஷன் போனபின் டவுனில் வாடகைக்கு இருந்தார். ஒரே மகள், தானே ஒருவனைப் பார்த்துக் கட்டிக்கொண்டு மெட்ராஸ் போனவள், அதன்பின் வீட்டுப் படி ஏறவில்லை. இப்போது ஒரு கார்டு போட்டிருந்தாள். தீபத்துக்கு மறுநாள் சாயந்திரம் ரேடியோவில் பதினைந்து நிமிடம் பாடுகிறாளாம்.

“அஞ்சு வருஷமாச்சு தம்பி அவ குரலைக் கேட்டு. செட்டு ங்ங்னு கத்துது. எப்படியாச்சும் சரி பண்ணிக் குடுங்க.”

தீபத்தன்று மத்தியானம் அவர் வீட்டுக்கே போய்ப் பழைய கண்டன்சரைக் கழற்றி, புதிதாகக் கொஞ்சம் பெரிதாகவே போட்டேன். முனகல் நின்றது. அந்த அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

எதிர்ச் சாரியில் மாவு மில் இருந்தது. அதன் மோட்டார் இரைச்சலை மறிக்க, கரண்ட் செட்டுக்குள் நுழைகிற இடத்தில் இரண்டு சின்ன கண்டன்சரும், காயில் என்று நாங்கள் சொல்கிற, கையால் சுற்றிய இரண்டு செம்புக் கம்பிச் சுருளும் வைக்க வேண்டும். காயில் சுற்ற அரை நாள் பிடிக்கும். அன்று தீபம் என்பதால் மில்லுக்குப் பூட்டு. செட்டில் துளி சத்தமில்லை. போதும்டா சாமி என்று தோன்றிவிட்டது. “இனிமே ஒரு தொந்தரவும் இல்லீங்கம்மா” என்று வாய் கூசாமல் சொன்னேன்.

மறுநாள் சாயந்திரம் மனசு கேட்காமல் அங்கே போனேன். ஒரு நாள் பூட்டிக் கிடந்ததால் மில் வாசலில் டின்னும் பையுமாக ஏக வரிசை. அந்த அம்மாள் வீட்டுக்குள் நுழைந்தபோது ரேடியோவில் அறிவிப்பாளர் அந்தப் பெண்ணின் பெயரைச் சொன்னார். தம்பூரா கேட்டது. அவ்வளவுதான், மோட்டார் கிளம்பியது.

“என்னாச்சு தம்பி? தம்பி, என்னாச்சு?”

மில்லுக்கு ஓடினேன். “மொளகா அரைபடுதுங்க. பாதியில நிறுத்தினா அடைச்சிக்கும். இதோ, இந்த ஒரு டின்னு” என்றார் மில்காரர். மிளகாய் நெடியில் இருமிக்கொண்டே கையெடுத்துக் கும்பிட்டேன். என் கண்ணில் வழிந்த தண்ணீரைப் பார்த்து என்ன நினைத்தாரோ, ஒருவழியாக நிறுத்தினார். திரும்பி ஓடி வந்தபோது ரேடியோவில் யாரோ அரிசி, வேர்க்கடலை விலை வாசித்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மாள் செட்டின் மேல் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். “கடைசியில ஒரு வரி கேட்டுச்சு தம்பி. கொஞ்சம் கட்டையா இருந்துச்சு. அது எம்பொண்ணு குரல்தானே?”

அந்தப் பெண்ணின் குரலை நான் ஜென்மத்தில் கேட்டதில்லை. “ஆமாங்கம்மா, அவங்கதான்” என்றேன்.

அடுத்த நாள் கடையைத் திறக்கவில்லை. உட்கார்ந்து காயில் சுற்றி, மத்தியானம் கொண்டுபோய் மாட்டினேன். எதிரே மில் முழு வேகத்தில் ஓடியது. செட்டில் யாரோ உரம் போடுவதைப் பற்றி, ஒரு கொரகொரப்பும் இல்லாமல், நிறுத்தி நிதானமாகப் பேசினார். அந்த அம்மாள் கடைசி வரை கேட்டார்.

“நல்லா கேக்குது தம்பி” என்றார்.