நெல் குத்தகையில் முளைத்த பெருவள்ளி

கார்த்திகை முதல் வாரத்தில் திருச்சியிலிருந்து பாபநாசம் போய்வந்தேன். கோயில் பார்க்க அல்ல, ஒரு கிழங்குக் கொடிக்கு ஆண்பூ கொண்டுபோனேன். கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்றிருந்தேன். ஆறுகிற மாதிரித் தெரியவில்லை, எழுதிவிடுகிறேன்.

கிழங்குப் பயிர்களின் நோய் எதிர்ப்பை ஆராய்வது என் வேலை. மழைக்காலத்தில் பெருவள்ளிக் கிழங்குக் கொடிக்கு இலைக்கருகல் வந்தால், தீயில் வாட்டியது போலக் கறுத்துவிடும். போன வருடம் பாபநாசத்துக்குப் பக்கத்து கிராமம் ஒன்றில், செல்வி என்பவரின் வயல் வேலியில் ஒரு கொடி மட்டும் பச்சையாக நின்றது. சுற்றிலும் எல்லாம் கருகல். அதைவிட அதிசயம், அது பெண்பூ பூத்திருந்தது. இந்தப் பயிரில் ஆண்கொடி வேறு, பெண்கொடி வேறு. பல கொடிகள் பூப்பதே இல்லை. கிழங்கை வெட்டி நட்டால் தாயின் நகல்தான் வரும். விதை எடுத்து முளைக்கவைத்து, எந்த நாற்றுகள் கருகாமல் நிற்கின்றன என்று பார்த்தால்தான் அந்த எதிர்ப்பு பிள்ளைகளுக்கு எப்படி இறங்குகிறது என்று தெரியும். எங்கள் தோட்டத்து ஆண்கொடி இந்த வருடம் பூத்ததும் கிளம்பிவிட்டேன்.

காலை ஐந்தரைக்கு பஸ். தஞ்சாவூரில் கும்பகோணம் பஸ்ஸுக்கு மாறினால் பாபநாசம் இருபத்தைந்து கிலோமீட்டர். மடியிலிருந்த ஐஸ் பெட்டியைப் பார்த்து உள்ளே மீன் இருக்கிறதா என்று கேட்டார் கண்டக்டர். பூ என்றேன், நம்பவில்லை. பாபநாசத்திலிருந்து ஆட்டோவுக்கு நூற்றைம்பது ரூபாய். வழியெல்லாம் சம்பா பயிர், டீக்கடைக்கு டீக்கடை கழகக் கொடிகள்.

எனக்கு வேண்டிய கொடியைத்தான் காணோம். வேலி மொட்டையாக இருந்தது.

செல்வியின் கணவர் ராஜேந்திரன் விஷயத்தைச் சொன்னார். அது கோயில் நிலம். குத்தகை இன்னும் இறந்துபோன அவர் அப்பா பேரில் இருக்கிறது. பேர் மாற்றித் தரச் சொல்லி, ஆட்சி மாறும்போதெல்லாம் மனு கொடுத்திருக்கிறார்கள். இப்போது திடீரென்று அறநிலையத் துறை ஆட்கள் நிலத்தை அளக்க வருவதாகத் தகவல். குத்தகைச் சீட்டில் நெல் என்றுதான் இருக்கிறது. வேறு பயிர் கண்ணில் பட்டால் அதையே சாக்காக வைத்து நிலத்தைப் பிடுங்கிவிடுவார்கள் என்று ஊரே பயப்படுகிறது. அதனால் அளக்க ஆள் வருகிறது என்றாலே அவரை, பாகல் என்று வேலியில் படர்ந்த எல்லாவற்றையும் அறுத்துவிடுவார்கள். ராஜேந்திரனும் அவர்கள் வருவதற்கு முதல் நாளே கொடியைக் கிழங்கோடு தோண்டிவிட்டார்.

"நெலம் இருந்தாத்தானேங்க கொடி," என்றார்.

வந்தவர்கள் வயலில் இறங்கவே இல்லையாம். ரோட்டில் நின்றபடியே எதையோ குறித்துக்கொண்டு, செல்வி வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். என்ன சமைத்தீர்கள் என்று கேட்டேன். செல்வி என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அந்தக் கெழங்குதாங்க்கா. வறுவல் நல்லாருக்குன்னு ரெண்டு தடவ கேட்டு வாங்குனாங்க."

இவர்கள் மேல் எப்படிக் கோபப்படுவது? உழுகிறவனைத் தன் வேலியில் கொடி வளர்க்கக்கூடப் பயப்பட வைத்துவிட்டு, அவன் வீட்டிலேயே உட்கார்ந்து அதை மென்றுவிட்டுப் போன ஜென்மங்களை என்ன சொல்வது? ஐஸ் பெட்டியைத் திறந்து பூக்களை வாய்க்காலில் கொட்டினேன்.

செல்வி உள்ளே போய், சாம்பல் தடவிய ஒரு கிழங்குத் துண்டை எடுத்துவந்தார். முளை விடுகிற தலைப்பகுதியை யாரும் சட்டியில் போடமாட்டார்கள். நல்லவேளை. பாதியை இங்கேயே நட்டுவையுங்கள் என்றேன்.

"வேணாங்க்கா. முழுசையும் நீங்களே கொண்டுபோயி வைங்க. அங்க யாரும் அளக்க வரமாட்டாங்கல்ல?"

அந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு: ஆட்டோவைக் காத்திருக்கச் சொல்லிவிடுங்கள், திரும்ப வண்டி கிடைக்காது. கார்த்திகையில் குடை இல்லாமல் போகாதீர்கள். முக்கியமாக, வயல் வேலிகளைப் படம் எடுக்காதீர்கள். நான் அந்த மொட்டை வேலியைப் போனில் ஒரு படம் எடுத்தேன். இன்னும் அளக்க ஆள் வராத அடுத்த வயல்காரர் நான் படம் எடுப்பதைப் பார்த்துவிட்டு, அரிவாளோடு வந்து, காய்த்துக் கிடந்த தன் அவரைக்கொடியை அறுக்க ஆரம்பித்தார்.