என் கை, அவள் குரல்

பாகூர் பக்கத்தில் ஓர் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் நான் பாட்டனி எடுக்கிறேன். அதே பள்ளியில் அவள் ஜுவாலஜி எடுத்தாள். என்னைவிடச் சின்னவள். வேலைக்குச் சேர்ந்த வாரத்திலேயே என்னை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். மத்தியானச் சாப்பாட்டில் என் குழம்பு அவளுக்கு, அவள் பொரியல் எனக்கு. பள்ளியில் எங்களைத் தனித்தனியாகப் பார்த்தவர்கள் குறைவு.

கொரோனாவில் பள்ளியை மூடியபோது பாடத்தை வாட்ஸ்அப்பில் நடத்தச் சொன்னார்கள். உயிரியலுக்கு இணையத்தில் பஞ்சமே இல்லை. செல் பிரிவது, இலை சுவாசிப்பது, எல்லாம் அனிமேஷனில் அழகழகாகக் கிடந்தன. லிங்க் லிங்க்காக எடுத்து அனுப்பினேன். சோரியாங்குப்பத்திலிருந்து ஒரு மாணவி போன் செய்தாள். அவள் அப்பா கரும்பு வெட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால்தான் அவள் கைக்குப் போன் வரும்.

"மிஸ், அதுல வர்ற பூவ நான் பார்த்ததே இல்ல மிஸ். அவரு இன்னா பேசுறாருன்னும் புரியல. நீங்களே சொல்லிடுங்க மிஸ்."

நான் இதை ஜுவாலஜி டீச்சரிடம் சொன்னேன். "நாமளே எடுத்துப் போடலாம்க்கா" என்றாள். ஊரடங்கு தளர்ந்ததும் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வில்லியனூரிலிருந்து ஸ்கூட்டியில் வந்துவிடுவாள். தலைமையாசிரியரிடம் கேட்டுப் பள்ளியின் மைக்ராஸ்கோப்பை வீட்டுக்கு எடுத்து வந்திருந்தேன். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் லேப். திராட்சைக் கொத்து படம் போட்ட பிளாஸ்டிக் விரிப்பின்மேல் செம்பருத்தியை வைத்து நெடுக அறுத்துக் காட்டுவேன். பாகூர் ஏரியிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவந்து அதில் உள்ள பாசியைக் காட்டுவேன். குருவிநத்தத்துக் கரும்பைப் பிளேடால் மெல்லியதாகச் சீவி, சிவப்புச் சாயம் ஏற்றி, லென்ஸுக்குக் கீழே வைப்பேன். அவள் மைக்ராஸ்கோப்பின் கண்ணில் போனை ஒட்டிப் பிடித்துப் படம் எடுப்பாள். கரும்புத் தண்டுக்குள் சாறு கடத்தும் குழாய்க் கற்றைகள் சிதறிக் கிடக்கும். ஒவ்வொன்றிலும் இரண்டு பெரிய ஓட்டைகள். "குரங்கு மூஞ்சி மாதிரி இருக்கு பாருங்க, ரெண்டு கண்ணு முழிக்குது" என்று நான் சொன்னதற்கு அவள் போன் ஆட ஆடச் சிரித்தாள். அதை வெட்டாமல் அப்படியே விடச் சொன்னேன்.

சேனலை அவள் பெயரில்தான் தொடங்கினோம். "பாஸ்வேர்டு, எடிட்டிங் தலைவலி எல்லாம் உனக்கு எதுக்குக்கா, நான் பாத்துக்கறேன்" என்றாள். எனக்கு அது பெரிய உதவியாகத்தான் தோன்றியது. கடலூர், விழுப்புரம் பக்கத்துப் பிள்ளைகள்கூடப் பார்த்துவிட்டுக் கீழே எழுதினார்கள். பள்ளி திறந்த பிறகும் நாங்கள் நிறுத்தவில்லை.

அப்புறம் ஒருநாள் வேலையை விடப்போவதாகச் சொன்னாள். மாமியாருக்கு உடம்பு சரியில்லை, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்றாள். அரசாங்க வேலையை விடாதே, நீண்ட விடுப்பு போடு என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. வழியனுப்பு விழாவில் பேசும்போது அழுதுவிட்டேன். ஒரு பட்டுப்புடவை கொடுத்தேன். அவளும் அழுதாள்.

அடுத்த கல்வியாண்டு தொடங்கிய சமயம். சனிக்கிழமை சிறப்பு வகுப்பு முடிந்து நான் கிளம்பும்போது மடுகரையிலிருந்து வரும் ஒரு மாணவி பின்னாலேயே வந்தாள்.

"மிஸ், நீங்க ஆப்ல கிளாஸ் எடுக்கறீங்களா?"

"எந்த ஆப்?"

"எங்க அக்கா நீட்டுக்குப் படிக்கறாங்க மிஸ். பணம் கட்டி வாங்கியிருக்காங்க. அதுல உங்க கை வருது. பேசுறது மட்டும் ஜுவாலஜி மிஸ்."

அவள் அக்காவின் போனைக் கொண்டுவந்திருந்தாள். படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்தேன். திராட்சைக் கொத்து விரிப்பு. என் இடது பெருவிரலில் பிளேடு கிழித்த பழைய தழும்பு. மூலையில் ஒரு வட்டத்துக்குள் ஜுவாலஜி டீச்சரின் முகம். "குரங்கு மூஞ்சி மாதிரி இருக்கு பாருங்க" என்றாள். நான் எந்த இடத்தில் நிறுத்துவேனோ அதே இடத்தில் நிறுத்தினாள். எங்கள் பழைய சேனலைத் தேடினேன். ஒரு வீடியோ இல்லை.

மாணவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆமாம்மா, என் கைதான்" என்று சொல்லி போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

மறுநாளே வில்லியனூர் போனேன். கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள் என்றுதான் நினைக்கிறேன். அவள் மாமியார் நன்றாக இருந்தார். கூடத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அவள் டீ போட்டுக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"சேனல்ல இருந்ததெல்லாம் எங்க?" என்று கேட்டேன்.

"ஆப் கம்பெனியில சேரும்போது பழைய வீடியோ இருந்தா கொடுங்கன்னாங்கக்கா. எடிட் பண்ணதெல்லாம் நான். சேனலும் என் பேர்ல இருந்துது."

"என் குரலை ஏன் எடுத்துட்ட?"

"உனக்காகத்தான்க்கா. நீ கவர்மென்ட் வேலையில இருக்க. பிரைவேட்ல உன் குரல் வந்தா உனக்குத்தான் பிரச்சன."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டா நீ வேணாம்னு சொல்லுவ."

"ஆமா, சொல்லியிருப்பேன்."

"அதான்க்கா கேக்கல" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் குரலில் பயமோ வெட்கமோ இல்லை. காய்கறி விலை சொல்வதுபோலச் சொன்னாள். நம் பிள்ளைகளுக்காவது பழையதைத் திரும்பப் போடு என்றேன். இனி அது தன் கையில் இல்லை என்றாள். டீ ஆறிவிட்டது, வேறு போடட்டுமா என்று கேட்டாள். நான் எழுந்து வந்துவிட்டேன்.

பஸ்ஸில் வரும்போதுதான் இன்னொன்று உறைத்தது. அவள் வேலையை விடுவதற்கு முந்தைய மாதங்களில் சில பாடங்களைத் திரும்ப எடுக்கலாம் என்றாள். வெளிச்சம் போதவில்லையாம். "ஃபேன் சத்தம் வருதுக்கா, நீ பேசாம செய், குரல அப்புறம் சேத்துக்கலாம்." நானும் ஞாயிறு ஞாயிறாக வாயை மூடிக்கொண்டு பூவை அறுத்தேன், சாயம் ஏற்றினேன். இடையிடையே அவளுக்கு இட்லி சுட்டுப் போட்டேன். அப்போதே கம்பெனியோடு பேச்சு முடிந்திருக்கிறது. என் மேசையில், என் எதிரிலேயே நின்று எடுத்திருக்கிறாள். வீடியோ போனதைவிட, அந்த இட்லிதான் என்னை அறுத்தது. ஜன்னல் பக்கம் திரும்பி முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

போலீஸுக்குப் போகலாம் என்றார் என் கணவர். எதற்கு வம்பு, பள்ளி மைக்ராஸ்கோப் வீட்டுக்கு வந்த கதையெல்லாம் கிளம்பும் என்றார் தலைமையாசிரியர். கடைசியில் அந்தக் கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். கை என்னுடையது, பாடம் என்னுடையது, என் மாணவிகளுக்காவது இலவசமாகத் திறந்துவிடுங்கள் என்று கேட்டிருந்தேன். பதில் சீக்கிரமே வந்தது. ஆசிரியர்களை மதிக்கிறார்களாம். ஒரு வருடம் அவர்கள் பாடங்களை நான் இலவசமாகப் பார்க்க ஒரு கூப்பன் அனுப்பியிருந்தார்கள். கணவருக்குப் படித்துக் காட்டினேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

இப்போது சில பாடங்களை நானே திரும்ப எடுத்திருக்கிறேன். போனை ஸ்டாண்டில் மாட்டிவிட்டு ஒற்றை ஆளாக எடுப்பதால் படம் அவ்வளவு நன்றாக இல்லை. என் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் மட்டும் போடுகிறேன். யார் வேண்டுமானாலும் எடுத்துப் படித்துக்கொள்ளட்டும் என்று திறந்து வைக்கும் மனசு அன்றைக்கு இருந்தது. அது எனக்கு இன்னும் திரும்பவில்லை. திரும்பினால் நல்லதுதான்.

போன மாதம் அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது, நடுவில் எதுவுமே நடக்காததுபோல. "அக்கா, வெங்காய வேர் நுனி எடுத்தேன். செல் பிரியறதே தெரிய மாட்டேங்குது. இன்னா தப்பு?"

தப்பு என்னவென்று எனக்குத் தெரியும். வேரைக் காலையில் வெட்ட வேண்டும், செல்கள் மும்முரமாகப் பிரியும் நேரம் அதுதான். அவளுக்குக் காலையில் எழுந்திருப்பது என்றைக்குமே கஷ்டம். 'காலையில வெட்டு' என்று அடித்தேன். அனுப்பாமல் அழித்தேன்.

அந்தப் பாடம் ஆப்பில் இன்னும் வரவில்லை என்று மடுகரை மாணவி சொன்னாள். கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு பாடம் வராததற்குச் சந்தோஷப்படும் டீச்சராக என்னை ஆக்கிவிட்டாளே என்று அன்று முழுக்க அவள்மேல் கோபமாகவும் இருந்தது.