'டி' போடாதே என்று சொன்னவள்

ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் பத்தொன்பது வருஷம் படுக்கை விரிப்பு மடித்தவள் அவள். மடிக்க இரண்டு பேர் வேண்டும். எதிர்முனையில் எப்போதும் நெட்டைதான் நிற்பாள். சொந்தப் பெயர் சொல்லி அழைத்தால் நெட்டையே திரும்பிப் பார்க்க மாட்டாள். "பிடிடி", "உதறுடி", "சாப்பிடாதவ மாதிரி என்னடி பிடிக்கிற?" இவ்வளவு பேச்சை வைத்துக்கொண்டே ஒரு நாளைக்கு நானூறு விரிப்பு மடித்துவிடுவார்கள்.

போன மாதம் அவளை சூப்பர்வைசர் ஆக்கினார்கள். கழுத்தில் அட்டை தொங்கியதும் மனுஷிக்குத் தலை கொஞ்சம் கனத்துவிட்டது. புது அதிகாரி சுற்றிப் பார்க்க வந்த நேரமாகப் பார்த்து நெட்டை, "ஏண்டி, சோப்புத்தூள் எப்ப வரும்?" என்று கேட்டுத் தொலைத்தாள்.

"வேலை நேரத்துல டி போட்டுப் பேசாதீங்க. மரியாதையா பேசுங்க" என்றாள் இவள், அத்தனை பேர் முன்னாலும்.

கேட்டது கிடைத்தது. மூட்டை மூட்டையாகக் கிடைத்தது. "வாங்க மேடம்", "சொல்லுங்க மேடம்", "விரிப்பு காஞ்சிருச்சுங்க மேடம்." குரலில் கோபம் இருந்தாலாவது ஒரு சண்டை போட்டு முடித்திருக்கலாம். அதுவும் இல்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு நெட்டை வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள்.

வீட்டில் பிள்ளைகளுக்கு அவள் அம்மா. மருமகனுக்கு அத்தை. கடைக்காரருக்கு அக்கா, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆன்ட்டி. புருஷன்கூட "இந்தாம்மா" என்றுதான் கூப்பிடுவார். பெற்றவளும் கூடப்பிறந்தவளும் போய்ச் சேர்ந்த பிறகு, அவளை 'டி' போட்டுக் கூப்பிட உலகத்தில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு வாய். அதையும் தானே அடைத்துவிட்டாள்.

மூன்று வாரம் தாங்கினாள். அதற்குமேல் முடியவில்லை. ஒரு காலையில், நெட்டையோடு மடித்துக்கொண்டிருந்த பெண்ணை இஸ்திரி மிஷினுக்கு அனுப்பிவிட்டு, விரிப்பின் எதிர்முனையைத் தானே பிடித்தாள். உதறினார்கள். முனையோடு முனை சேர்க்க இருவரும் நடந்து நெருங்கியபோது மெல்லச் சொன்னாள்.

"தப்புதான். மன்னிச்சிடுடி."

நெட்டை முனைகளை வாங்கிக்கொண்டாள். "அன்னைக்கு எல்லாரும் கேக்கச் சொன்னீங்க. இதை மட்டும் ஏன் மேடம் காதோட காதா சொல்றீங்க?"

நியாயம்தானே! அவள் சுற்றிலும் பார்த்தாள். பதினோரு பேர் இருந்தார்கள். மிஷின்களின் இரைச்சலுக்கு மேலே கேட்கும்படி தொண்டையைத் திறந்தாள்.

"எல்லாரும் கேளுங்க! இவ என்னை டி போட்டதுல ஒரு தப்பும் இல்ல! நான்தான் பெரிய இவளாட்டம் பேசிட்டேன்! இவ அப்படிக் கூப்பிடலேன்னா எனக்கு..."

அழுகைதான் வந்தது. சலவைப் பிரிவே கை வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது.

நெட்டைக்கு உதடு கோணியது. துவைத்த விரிப்பு என்றுகூடப் பார்க்காமல், அதன் ஓரத்தை இழுத்து அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"வாயை மூடுடி கழுதை, எல்லாரும் பாக்குறாங்க."