துளி நிற்காத கண்ணாடி

பரிசோதனைக் கூடத்தின் கழுவும் அறையில் அவளுக்குக் கண்ணாடி அக்கா என்று பேர். குடுவை, குழாய், புனல் எல்லாம் அவள் கையைத் தாண்டித்தான் மேலே போக வேண்டும். கழுவியதைக் கடைசியாக ஒருமுறை அலசி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். தண்ணீர் மெல்லிய படலமாகப் படர்ந்து இறங்கினால் சுத்தம். எங்காவது முத்து முத்தாகத் திரண்டு நின்றால் பிசுக்கு, திரும்பவும் தொட்டிக்கு. வீட்டிலும் இதே கதைதான். துளி நிற்கும் டம்ளரில் அவள் தண்ணீர் குடித்ததில்லை. "இவகூடக் குடித்தனம் பண்ண நானும் தினம் அலசிக்க வேண்டியிருக்கு" என்பார் கணவர்.

இப்பேர்ப்பட்டவள் கழுவிய குழாய்களில் துளி நின்றது. அவற்றில் எடுத்த அளவுகள் பிசகின. மேற்பார்வையாளருக்கு எப்போதும் மூக்கின் மேல் கோபம். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற ஆளப் போட்டுடுவேன்" என்றார். பாதி ஆயுளை அந்தத் தொட்டி முன்னால் கழித்தவளுக்குச் சோறு இறங்கவில்லை. சோப்பை மாற்றினாள், பிரஷ்ஷை மாற்றினாள், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். துளி போவதாக இல்லை.

சோப்புத் தண்ணீரில் ஊறி அவள் கை வெடித்திருந்தது. ரப்பர் கையுறை போட்டால் கொப்புளம். அதனால் கொஞ்ச நாளாகக் காலையில் கிளம்பும் முன் மகள் எண்ணெய் தடவி விட ஆரம்பித்திருந்தாள். பள்ளிக் கடைசி வருஷம் படிக்கிற பெண். மற்ற நேரமெல்லாம் கேட்டதற்கு ஒரு வார்த்தை, அதோடு சரி. அந்தக் கொஞ்ச நேரம்தான் அம்மா பக்கத்தில் உட்காருவாள். வெடிப்பு ஆறாவிட்டாலும் அதற்காகவே அக்கா கையை நீட்டினாள்.

ஒரு நாள் மகள் தடவி முடித்ததும் அக்கா தண்ணீர்க் குழாயைத் திறந்தாள். உள்ளங்கையில் தண்ணீர் முத்து முத்தாக நின்றது.

"ஏண்டி, தண்ணி ஏன் இப்படி ஒதுங்கி நிக்குது?"

"தண்ணியோட மூலக்கூறுல ஒரு பக்கம் லேசா பிளஸ், இன்னொரு பக்கம் மைனஸ்" என்றாள் மகள். "அதனால ஒண்ணையொண்ணு இழுத்துப் பிடிச்சுக்கும். கண்ணாடியிலயும் அந்த மாதிரி இருக்கு, அதையும் பிடிச்சுக்கிட்டுப் பரவும். எண்ணெயில பிடிக்கத் தோதா ஒண்ணும் இல்ல. அதான் தனக்குள்ளயே சுருண்டுக்குது."

"அப்ப என் கைதான் எல்லாத்தையும் கெடுத்திருக்கு. இனிமே எண்ணெய் வேணாம். ராத்திரி தடவினாலும் வெடிப்புக்குள்ள தங்கிடும்."

மகள் சீசாவை மூடினாள்.

அக்கா சோப்புப் போட்டுக் கையைத் தேய்தேய் என்று தேய்த்துவிட்டுப் போனாள். அன்று எந்தக் குழாயிலும் துளி இல்லை. மேற்பார்வையாளர் வந்து பார்த்தார், தலையை ஆட்டினார், போய்விட்டார். வேலை தப்பியது. கை நெருப்பாக எரிந்தது. அதைவிட, நாளைக் காலை மகள் பக்கத்தில் வர ஒரு காரணமும் இல்லை என்பது அவளை வதைத்தது.

மறுநாள் செருப்பை மாட்டியவளை மகள் கூப்பிட்டாள். வழக்கமான ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

"வாம்மா."

"எண்ணெய் வேணாம்னு சொன்னேனே."

"எண்ணெய்தானே வேணாம்னே. கையைக் குடு."

அக்கா செருப்பைக் கழற்றினாள். அன்று வேலைக்குத் தாமதமாகத்தான் போனாள்.