எட்டாம் நம்பர் பஸ்ஸுக்கு ஒரு காபி

இது நடந்தது. கதை கட்டுகிற மூளை எனக்கு இருந்திருந்தால் அரசுத் தேர்வில் மூன்று தடவை கோட்டை விட்டிருக்க மாட்டேன். தேதியும் நேரமும் என் படிப்புக் குறிப்பேட்டில் அப்படியே இருக்கின்றன. நம்ப முடியாதவர்கள் இதோடு மூடி வைத்துவிட்டுப் போகலாம், எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

நன்றி சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். முகமே பார்க்காத இரண்டு பேர் அந்தக் குளிர்காலத்தில் என்னைத் தாங்கிப் பிடித்தார்கள். ஒருவருக்கு நேரில் சொல்லிவிட்டேன். இன்னொருவருக்குச் சொல்லலாமா என்று இன்றுவரை தெரியவில்லை.

நோர்யாங்ஜின், தலைநகரில் தேர்வுக்குப் படிப்பவர்கள் அறை எடுத்துத் தங்கும் பேட்டை. மூன்றாம் மாடி, 311. கையை விரித்தால் இரண்டு சுவரும் தட்டும். ஜன்னல் கிடையாது. விளக்கை அணைத்தால் நண்பகலும் நடுராத்திரிதான். இது எனக்கு நான்காவது முயற்சி. இதிலும் தோற்றால் சொந்த ஊரான மொக்போவுக்குத் திரும்பி அப்பாவோடு மீன் பெட்டி அடுக்க வேண்டும் என்று பேச்சு.

தனியாகப் படித்தால் பைத்தியம் பிடிக்கும் என்று ஓர் ஆன்லைன் படிப்பறையில் சேர்ந்திருந்தேன். போனை எதிரே சாய்த்து வைத்து, கேமராவை மேஜைப் பக்கம் திருப்ப வேண்டும். முகம் தெரியக் கூடாது, கைகள் மட்டும். மைக்கைத் திறக்கக் கூடாது. சொந்த விஷயம் கேட்கக் கூடாது. யார் எழுந்து போனாலும் அவர் மேஜை காலியாகத் தெரியும். அந்த வெட்கத்திலேயே எல்லோரும் உட்கார்ந்திருப்போம்.

ஆறு பேராக ஆரம்பித்தோம். ஜனவரியில் என் திரையில் மிஞ்சியது மூன்று கட்டங்கள்தான். ஒன்று நான், என் பெயர் அங்கே 'முள்ளங்கி'. இன்னொன்று 'பார்லித்தண்ணி', தீயணைப்புத் துறைத் தேர்வுக்குப் படிப்பவர். ரோமம் அடர்ந்த பருத்த கைகள். மூன்றாவது 'எட்டாம் நம்பர் பஸ்'. மெலிந்த வெளுத்த கை. பக்கம் திருப்ப வசதியாக ஆட்காட்டி விரலில் நீல ரப்பர் உறை மாட்டியிருப்பார். ஆணா பெண்ணா, தெரியாது.

பார்லித்தண்ணியை எனக்குப் பிடிக்காது. இடைவேளையில் அவர் எழுதுவதெல்லாம் முகத்தில் அடித்த மாதிரி இருக்கும்.

"முள்ளங்கி, தூங்கி வழியறீங்க. போய் மூஞ்சி கழுவுங்க."

"அழுது முடிச்சாச்சுன்னா பக்கத்தைத் திருப்புங்க."

பஸ் அப்படியில்லை. தனிச் செய்தியில்தான் வருவார். "இன்னிக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சா? நான் இருக்கேன்." "இன்னும் ஒரு மணி நேரம் உட்காருங்க. நானும் உட்காந்திருக்கேன்." பெற்ற அப்பாகூட அப்படிப் பேசியதில்லை.

ஜனவரி 14. மாதிரித் தேர்வில் ஐம்பத்திரண்டு மார்க். இரவு 11.20க்கு மொட்டைமாடிக் கதவு வரை போனேன். எதற்கு என்று எழுதப் போவதில்லை. கதவுப் பிடியில் கை வைத்தபோது போன் அதிர்ந்தது.

"கீழ வாங்க. உங்க மேஜை காலியா இருக்கு. காத்துக்கிட்டிருக்கேன்."

படியில் உட்கார்ந்து அழுதேன். பிறகு இறங்கிப் போனேன். மறுநாள் காலையில் பஸ்ஸுக்கு ஒரு காபிக் கூப்பனைப் பரிசாக அனுப்பினேன். "பத்திரமா வெச்சுக்கறேன்" என்று பதில் வந்தது.

நான் மேலே போனதை யாரிடமும் சொல்லவில்லை. அன்று அது உறைக்கவில்லை.

அதற்குள் பக்கத்து அறைக்காரியோடு எனக்குப் போர் மூண்டிருந்தது. அங்கே ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியாது, அவள் 312, அவ்வளவுதான். முதல் மஞ்சள் ஒட்டுத்தாள் என் கதவின் வெளிப்புறம் ஒட்டியிருந்தது. 'பேனாவை டிக் டிக் என்று அமுக்காதே.' அடுத்தது, 'மூக்கை உறிஞ்சாதே.' பிறகு, 'பெருமூச்சு விடாதே.' தேர்வுக்காரர்கள் தெருவில் இது சகஜம். எதிரில் நின்று சண்டை போட யாருக்கும் தெம்பு இருக்காது, தாளில் போடுவார்கள். நானும் அவள் கதவில் ஒட்டினேன். 'மூச்சை நிறுத்திவிட்டுப் படிக்க எனக்கு வராது. உனக்கு வருமா?'

நான்காவது தாள் கதவின் உட்புறம் இருந்தது. இடுக்கு வழியாகத் தள்ளியிருப்பாள் என்று நினைத்தேன். ஐந்தாவது மேஜை விளக்கின் தண்டில். பூட்டு சரியில்லை என்று மேனேஜரைத் திட்டினேன்.

ஆறாவது, அரசியலமைப்புப் புத்தகத்தின் 388ஆம் பக்கத்தில். நான் அன்றுதான் 387க்கு வந்திருந்தேன்.

'ஊருக்குப் போகலாம் என்று நினைக்காதே.'

எரிச்சல் மண்டைக்கு ஏறியது. சந்திரப் புத்தாண்டுக்கு முந்தின நாள் மாலை, அவள் ஊருக்குப் போகப் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தாள். வழியை மறித்தேன்.

"என் ரூமுக்குள்ள எப்படி வந்தீங்க?"

"உங்க ரூமுக்கா? நானா?" அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க என் கதவுல ஒட்டினதுக்கே நான் பதில் போடல. எனக்குப் பரீட்சை இருக்கு."

"அப்போ இதெல்லாம் யாரு எழுதறா?"

"என்னைக் கேட்டா? முதல்ல நீங்க ராத்திரி மூணு மணிக்குப் பாடத்தை முணுமுணுக்கறதை நிறுத்துங்க. சுவத்துல காது வெச்ச மாதிரி கேக்குது."

நான் ஒரு மணிக்கே படுத்துவிடுவேன். பொய் சொல்கிறாள் என்று நினைத்தேன். வாய்க்கு வந்தபடி பேசி அனுப்பினேன்.

அன்று இடைவேளையில் பார்லித்தண்ணி எழுதினார். "ரெண்டு பேரும் ஒட்டிக்கிட்டே படிச்சா ரெண்டு பேரும் ஃபெயில்தான்." எனக்கும் பஸ்ஸுக்கும் உள்ள நட்பைக் கிண்டல் செய்கிறார் என்று பதிலே போடவில்லை.

புத்தாண்டு நாள். கட்டிடத்தில் ஈ காக்கை இல்லை. எல்லா வீட்டிலும் செத்துப்போன பெரியவர்களுக்குப் படையல் போட்டு, அரிசிக்கேக் சூப் குடித்துக்கொண்டிருப்பார்கள். 9.05க்கு அப்பா போனில் கூப்பிட்டார்.

"நாரே, சாப்பிட்டியா?" என்று பெயர் சொல்லிக் கேட்டார்.

"ம்."

"சித்தப்பா, மாமா எல்லாரும் வந்திருக்காங்க. உன்னைப் பத்தித்தான் கேள்வி. நீ வராததே நல்லதாப் போச்சு."

வைத்துவிட்டார். பொது அடுப்பறையில் தனியாக நின்று வெறும் சோற்றைக் கிம்ச்சி ஊறுகாயோடு விழுங்கினேன். சாயந்திரம் ரயில் ஏறிவிடலாம், தேர்வும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று தோன்றியது.

போன் அதிர்ந்தது. பஸ்.

"இன்னிக்கு வீட்டுக்குப் போகாதீங்க. அங்க யாரும் உங்களுக்குச் சோறு வைக்கல. எனக்கும் வைக்கல. நாம படிக்கலாம்."

பாவம், அவருக்கும் அதே நிலைமைதான் என்று நெஞ்சு இளகியது. மதியம் 2.00க்கு உட்கார்ந்தேன். திரையில் மூன்று கட்டங்கள். மூன்று மேஜைகள்.

3.20. சுவரில் தட்டும் சத்தம். டொக். டொக். 312 பக்கம்.

312 ஊருக்குப் போய்விட்டாள். நானே பார்த்தேன்.

3.46. பக்கத்தைத் திருப்பினேன். மஞ்சள் தாள். 'ரயில் டிக்கெட்டைத் தேடாதே.'

நான் இன்னும் தேடவே இல்லை... நினைத்தது மட்டும்தான்.

பஸ்ஸுக்குச் செய்தி அனுப்பினேன். "பயமா இருக்கு."

"எதுக்குப் பயம்? நான் பக்கத்துலதானே இருக்கேன்."

4.08. விளக்கு அணைந்தது.

ஹீட்டர் நின்றது. தாழ்வாரத்துக் குளிர்பெட்டியின் உறுமலும் நின்றது. போனில் முப்பத்தொரு சதவீதம். அதன் வெளிச்சம் மட்டும் மேஜைமேல் விழுந்தது.

பார்லித்தண்ணியின் மேஜையில் பகல் வெளிச்சம்.

பஸ்ஸின் கட்டம்... இருட்டு.

அவர் இருப்பது காங்னுங், நாட்டின் அந்தக் கோடியில் கிழக்குக் கடற்கரை ஊர் என்று சொல்லியிருந்தார். அங்கேயும் இதே நொடியில் கரண்ட் போகுமா?

"அசையாதீங்க." பஸ். "உட்காருங்க. இன்னும் ஒரு மணி நேரம்."

4.10.

போனிலிருந்து ஒரு குரல் வந்தது. நான் கேட்டே இராத கரகரத்த ஆண் குரல். படிப்பறையில் யாரும் மைக்கைத் திறந்ததில்லை.

"முள்ளங்கி. பார்லித்தண்ணி பேசறேன். மெதுவா பதில் சொல்லுங்க. உங்ககூடப் படிக்கறவங்க இப்போ ரூம்ல இருக்காங்களா?"

"யாரு?"

"உங்க பக்கத்துல உட்காந்து படிப்பாங்களே, அவங்க."

"நான் தனியாத்தான் இருக்கேன்."

அவர் மூச்சுச் சத்தம் கேட்டது.

"வேற யாருமே இல்லையா?"

"இல்ல..."

"அப்போ அந்தக் கையை உதறிட்டு எந்திரிங்க."

நான் எந்தக் கையையும் பிடித்திருக்கவில்லை.

என் வலது மணிக்கட்டில் ஏதோ பட்டது.

குளிர்ச்சி.

ரப்பர்.

"திரும்பாதீங்க. போனை எடுங்க. கதவு எந்தப் பக்கம்?"

"இடது..."

"போங்க."

பிடி இறுகியது. இழுத்தேன். தோல் வழன்றது. நாற்காலி விழுந்தது. காதுக்குப் பின்னால், மிக அருகே, ஒரு பெருமூச்சு...

கதவு. தாழ்வாரம். படி.

"எண்ணிக்கிட்டே இறங்குங்க. நானும் எண்ணறேன். ஒண்ணு. ரெண்டு."

நாற்பத்து நான்கு படிகள். ஒன்றைக்கூட அவர் விடவில்லை.

4.14க்குத் தெருவில் நின்றேன். நல்ல வெயில். காலில் செருப்பு இல்லை. உறைந்த தரையில் நின்றுகொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன்.

"நடந்துக்கிட்டே அழுங்க. நின்னு அழாதீங்க," என்றார் பார்லித்தண்ணி. வழியில் செருப்பு வாங்கி, யோங்சான் நிலையத்தில் ஊருக்கு ரயில் ஏறும்வரை அவர் பேசிக்கொண்டே இருந்தார். ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை. 'வலது பக்கம் திரும்புங்க', 'டிக்கெட்டை எடுங்க', இவ்வளவுதான். அந்த மனிதனுக்கு நான் ஆயுள் முழுக்கக் கடன்பட்டவள்.

நான் 311க்குத் திரும்பவில்லை. படிப்பறையையும் விட்டேன். இன்னொரு செயலியில் பார்லித்தண்ணியும் நானும் மட்டும் படித்தோம், அன்று நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல். ஏப்ரலில் தேர்வு எழுதினேன். தேறினேன்.

மேனேஜர் என் சாமான்களைப் பெட்டியில் கட்டி அனுப்பியிருந்தார். போனில் கேட்டேன், அந்த அறையில் யாராவது...

"செத்தாங்களான்னு கேக்கறீங்களா? யாரும் சாகல. நான் எட்டு வருஷமா இங்கதான் குப்பை கொட்டறேன். ஆமா, மேஜைமேல உங்க விரல் ரப்பர் கிடந்துச்சு. அதையும் பெட்டியில போட்டுட்டேன்."

நீல நிறம். உட்புறம் ஈரமாக இருந்தது. இடுக்கியால் எடுத்துக் கொண்டுபோய்க் கடலில் எறிந்தேன்.

ஜூன் மாதம் பார்லித்தண்ணியைப் பார்க்கத் தேஜோன் போனேன். நிஜப் பெயர் கு தேசிக். ரொட்டிக் கடையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். கைகளைப் பார்த்துத்தான் ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டுகொண்டோம். நன்றி சொன்னேன். காது சிவந்துபோய் ரொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பஸ் எப்படி இருக்கார்? அவரும் உங்ககிட்ட பேசறாரா?" என்று, அதுவரை கேட்கப் பயந்திருந்ததைக் கேட்டேன்.

"எந்த பஸ்?"

"எட்டாம் நம்பர் பஸ். நம்ம மூணாவது ஆளு."

"மூணாவது ஆளா? டிசம்பருக்கு அப்புறம் நாம ரெண்டு பேருதானே இருந்தோம். ரெண்டு கட்டம்தானே."

அவர் போனை எடுத்தார். தினமும் படிப்பு முடிந்ததும் திரையைப் படம் பிடித்து வைப்பது எங்கள் வழக்கம். அவருடைய படங்களில் இரண்டு கட்டங்கள். ஒன்றில் அவருடைய பருத்த கைகள். இன்னொன்றில் என் மேஜை. என் இரண்டு கைகள். பின்னாலிருந்து நீளும் மூன்றாவது கை, மெலிந்த வெளுத்த கை, நீல ரப்பர் உறையோடு.

"தங்கச்சியோ தோழியோன்னு நெனச்சேன்," என்றார். "சொந்த விஷயம் கேக்கக் கூடாதுன்னு ரூல்ஸ். நானும் கேக்கல. கரண்ட் போனப்போ அந்தக் கை உங்க மணிக்கட்டைப் பிடிச்சிருந்ததைப் பார்த்துத்தான் சந்தேகம் வந்துச்சு."

ஜனவரி 20ஆம் தேதிப் படத்தில் நான் மேஜையில் கவிழ்ந்து தூங்குகிறேன். அந்தக் கை என் புத்தகத்தில் மஞ்சள் தாளை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

என் போனில் இருந்த படங்களையும் திறந்தேன். என்னுடையவற்றில் மூன்று கட்டங்கள். பஸ்ஸின் கட்டத்தைப் பெரிதாக்கினேன். மேஜையின் ஓரத்தில் ஒரு காபிக் கறை இருந்தது. டிசம்பரில் நான் கொட்டிய காபி. அது என் மேஜை.

மொட்டைமாடிக் கதவிலிருந்து என்னைக் கீழே அழைத்ததும், ஒட்டுத்தாளில் என்னை வதைத்ததும் ஒரே கை. காப்பாற்றத்தான் அழைத்ததா, அந்த நாற்காலியில் உட்கார்த்தி வைக்கவா... எனக்கு விளங்கவில்லை. ஆனால் அன்று அது அழைக்காவிட்டால் இதை எழுத நான் இல்லை.

இப்போது மொக்போவில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை. மூன்றாம் கவுண்டர். போன செவ்வாய்க்கிழமை போனில் ஓர் அறிவிப்பு வந்தது. ஜனவரியில் நான் அனுப்பிய காபிக் கூப்பன் பயன்படுத்தப்பட்டுவிட்டதாம். நேரம் மாலை 4.10. கடை, எங்கள் அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் இருப்பது.

அந்த நேரத்தில் நான் அந்தக் கடையில்தான் காபி வாங்க நின்றேன். எனக்கு முன்னால் வரிசையில் யாரும் இல்லை.